வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு எந்த ரைஃபிள் சைட்?

எங்கள் ரைஃபிள் கிளப்புக்குச் சனிக்கிழமை காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். போன வருஷம் ஒரு நாள், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வயது 67, நான்காவது லேனில் ஏர் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கை நிக்குது, மூச்சும் நிக்குது. கண்ணுதான் நிக்க மாட்டேங்குது. ரிங்கைப் பார்த்தா அட்டை போயிடுது, அட்டையைப் பார்த்தா ரிங்கு போயிடுது. புதுசா ஒரு நல்ல சைட் வாங்கிடலாமா?"

சைட் என்பது ரைஃபிளின் மேல் இருக்கும் குறிபார்க்கும் கருவி; ரிங் என்று அவர் சொன்னது முன் சைட்டில் இருக்கும் வளையம், அட்டை என்றது இலக்கு. இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் இப்போது 58 ஆகிறது. என் கண்ணும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்குச் சொன்னதையும் நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். பேச்சு பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளைப் பற்றியது. 50 மீட்டர் பாயிண்ட் 22 ரைஃபிளுக்கும் முறை இதுவேதான்.

சைட் வாங்குவது கடைசி வேலை. முதலில் கண், அடுத்து லென்ஸ், அதன் பிறகுதான் சைட். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பெரும் பணத்தைச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த அருமையான சைட் ரைஃபிள் மேல் உட்கார்ந்திருக்கும், பின்னால் இருக்கும் கண்ணாடியின் பவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்ததாக இருக்கும்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்று வீட்டில் கேட்பார்கள். ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் ஸ்வான் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கும்போது அவருக்கு 64 வயது. 1920 ஆன்ட்வெர்ப்பில் வெள்ளி வாங்கும்போது 72. உத்தரப் பிரதேசம் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் துப்பாக்கியைக் கையில் எடுத்ததே அறுபதைத் தாண்டிய பிறகுதான். தேவையா என்ற கேள்விக்கு இவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். எப்படி என்பதை மட்டும் நாம் பார்ப்போம்.

முதலில், கண்ணுக்கு என்ன ஆயிற்று?

"பார்வை குறைஞ்சுடுச்சு" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். குறிபார்க்கிறவருக்கு அது போதாது. எது குறைந்தது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கத் தேவையான அளவு வளைந்துகொடுக்காது. சாதாரண ஏர் ரைஃபிளில் இருக்கும் திறந்த சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின் சைட்டின் வெட்டு கண்ணிலிருந்து ஒன்றரை அடியில், முன் சைட்டின் முனை மூன்றடியில், அட்டை 10 மீட்டரில். மூன்றும் மூன்று தூரம். இருபது வயதுக் கண் இந்த மூன்றுக்கும் நடுவே கணத்துக்குக் கணம் தாவிக்கொண்டே இருக்கும். அதனால் மூன்றும் ஒன்றாகத் தெளிவாக இருப்பதுபோல் ஒரு தோற்றம். அறுபது வயதுக் கண்ணால் அப்படித் தாவ முடியாது. அந்தப் பெரியவர் சொன்ன "ரிங்கைப் பார்த்தா அட்டை போயிடுது" என்பது இதுதான்.

இரண்டாவது, வெளிச்சம். வயதாக ஆகக் கண்ணின் நடுவில் வெளிச்சம் நுழையும் துளையான பாவை சிறுத்துவிடுகிறது, லென்ஸும் மஞ்சளடிக்கிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். பக்கத்து லேனில் சுடும் பள்ளிக்கூடப் பையனுக்குப் போதுமான விளக்கு உங்களுக்குப் போதாது. இதைக் கிளப்பில் தயங்காமல் சொல்லி, உங்கள் அட்டையின் மேல் இன்னொரு விளக்கு போடச் சொல்லுங்கள். எந்த சைட்டைவிடவும் மலிவான உதவி அது.

இவை தவிர கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர், கண்புரை, கண் அழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரையில் வரும் கோளாறு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது என்று பட்டியல் நீளும். இவற்றில் சிலவற்றைக் கண்ணாடியால் சரிசெய்யலாம், சிலவற்றை முடியாது. எது எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, நடுவில் தையல் ஊசியால் குத்தி ஒரு துளை போடுங்கள். விளிம்பில் பிசிறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தினசரி காலண்டர் தாளைக் கையில் எடுத்து, ராகு காலம், எமகண்டம் போட்டிருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். புகையாகத் தெரியும். இப்போது கார்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, துளை வழியாக அதையே பாருங்கள். கொஞ்சம் இருட்டாக இருக்கும், ஆனால் எழுத்தின் விளிம்பு கத்தரித்ததுபோல் தெரியும். சின்னத் துளை, ஒளிக்கதிர்களில் கோணலாக வருவதையெல்லாம் தடுத்துவிட்டு நேராக வருவதை மட்டும் உள்ளே விடுவதால் வரும் தெளிவு இது. சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட் செய்யும் வேலையும் இதேதான். இந்தத் துளை வழியே தெளிந்தால் உங்கள் குறை பவரில் இருக்கிறது. லென்ஸும் சைட்டும் அதைப் பார்த்துக்கொள்ளும். துளை வழியே பார்த்தும் தெளியவில்லை, அல்லது எழுத்தின் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கிறது, நேர்கோடு வளைந்து தெரிகிறது என்றால் அது சைட் விஷயமே அல்ல. அந்த வாரமே கண் டாக்டரைப் பாருங்கள்.

கண் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

ஆப்டிகல் கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் டெஸ்ட் மட்டும் போதாது. கண் அழுத்தம், விழித்திரை இரண்டையும் மருந்து விட்டுப் பார்க்கும் முழுப் பரிசோதனை ஒன்று வேண்டும். "நான் ரைஃபிள் சுடுகிறேன், வலது கண்ணால் குறிபார்க்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், படிக்கவும் நடக்கவும் ஏற்ற கண்ணாடியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

சர்க்கரை இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் பவரும் கூடவே மாறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாரத்தில் எடுத்த பவர் அடுத்த மாதம் பொருந்தாது. புதிதாக மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பித்திருந்தால், அளவு நிலைப்படும்வரை பொறுத்து, அதன் பிறகு பவர் எடுங்கள். எங்கள் கிளப்பில் ஒருவர் மாதக்கணக்கில் சைட்டைத் திருப்பித் திருப்பிச் சலித்துப்போனார். கோளாறு சைட்டில் இல்லை, காலைச் சாப்பாட்டில் இருந்தது.

கண்புரை இருந்தால், சைட்டுக்குச் செலவழிக்கும் முன் அறுவைக்கு நாள் குறித்துவிடுவது நல்லது. புரை மூடிய கண்ணுக்கு எவ்வளவு விலை உயர்ந்த சைட்டும் பனிமூட்டத்தில் போட்ட ஹெட்லைட் மாதிரிதான். உள்ளே வைக்கும் லென்ஸை மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் செய்துகொண்டிருக்கிறது. அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் இது அன்றாட அறுவை. ஆனால் எந்த லென்ஸ் என்பதில் உங்களுக்கும் பேச்சு இருக்க வேண்டும். தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் பல குவிய லென்ஸ், விளக்கைச் சுற்றி வளையம் காட்டலாம். கறுப்பு வெள்ளை வேறுபாட்டையும் சற்று மங்கச் செய்யலாம். குறிபார்க்கும் கண்ணுக்கு ஒற்றைக் குவிய லென்ஸே மேல் என்பது என் எண்ணம். டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அறுவைக்குப் பிறகு அவர் சரி என்று சொல்லும்வரை ரேஞ்ச் பக்கம் போகாதீர்கள்.

டேப்பை எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கிளப்பில், ரைஃபிள் காலி என்று நீங்களும் இன்னொருவரும் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு, வழக்கமாக நிற்கும் நிலையில் நின்று கன்னத்தை வையுங்கள். நண்பரைத் தையல்காரர் டேப்பால் உங்கள் கண்ணிலிருந்து முன் சைட்டின் வளையம் வரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 85 முதல் 100 செ.மீ.க்குள் வரும். 90 என்று வைத்துக்கொள்வோம், அதாவது 0.9 மீட்டர்.

1-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.1. அந்தத் தூரத்தில் இருக்கும் வளையத்தைக் கண் முழுத் தெளிவாகப் பார்க்கத் தேவையான கூடுதல் பவர் அது. அதை அப்படியே போட்டால் வளையம் பளிச்சென்று இருக்கும், அட்டை பஞ்சாகிவிடும். ஆகவே அதில் பாதி: 0.55. கடையில் கிடைக்கும் அளவில் 0.50. இந்தப் பாதிப் பவர் கண்ணின் குவியத்தை வளையத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. வளையமும் துளி மங்கல், அட்டையும் துளி மங்கல். மிச்சமிருக்கும் அந்த மங்கலைப் பீப் சைட்டின் துளை துடைத்துவிடுகிறது. காலண்டரில் பார்த்தீர்களே, அதேபோல.

இந்த +0.50-ஐ உங்கள் தூரப் பார்வை பவரோடு கூட்ட வேண்டும். படிக்கும் பவரோடு அல்ல. தூரத்துக்குப் பவரே இல்லாதவருக்கு +0.50. தூரத்துக்கு +1.00 போடுகிறவருக்கு +1.50. தூரத்துக்கு −1.25 போடுகிறவருக்கு −0.75. இந்தக் கடைசிக் கணக்கில்தான் பலர் தடுமாறி −1.75 என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். சிலிண்டர் பவர் இருந்தால் அதை அப்படியே சேர்க்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் வளையம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும்.

எனக்கு முதல் தடவை நடந்தது வேறு. ஒரு கடையில் "கிட்டத்தில்தானே பார்க்கணும்" என்று படிக்கிற பவர் +2.00-ஐயே போட்டுக் கொடுத்தார்கள். வளையமும் சரியில்லை, அட்டையின் கறுப்பு வட்டம் சாம்பல் நிறத்தில் கரைந்துபோயிற்று. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். டேப்பை எடுத்து அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

கடைக்குப் போகும்போது ரைஃபிளைக் கொண்டுபோகாதீர்கள். அதற்குப் பதில், நீங்கள் அளந்த அதே நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் 4 மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு வளையம் வரைந்து குச்சியின் நுனியில் ஒட்டுங்கள். 30 மி.மீ. கறுப்பு வட்டம் ஒன்றை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் 10 மீட்டர் கிடைக்காது. நடைபாதையின் மறுகோடியில் மாட்டச் சொல்லுங்கள். சோதனை ஃப்ரேமில் லென்ஸைப் போட்டு, ஊசித் துளைக் கார்டை அதன் முன்னால் பிடித்து, குச்சியின் மறுமுனையைக் கன்னத்தோடு வைத்துப் பாருங்கள். +0.25, +0.50, +0.75 என மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வளையம் வெட்டினாற்போல் இருந்து, கறுப்பு வட்டம் ஓரம் மட்டும் மெத்தென்று, ஆனால் உருண்டையாகத் தெரியும் லென்ஸ்தான் உங்களுடையது. இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால், வளையம் தெளிவாக இருப்பதை எடுங்கள். அட்டை மங்கினால் பரவாயில்லை, மங்கிய வட்டத்துக்கும் நடுவைக் கண் தானே கண்டுபிடிக்கும். வளையம் மங்கினால் எதைக் கொண்டு குறிபார்ப்பது?

அந்த லென்ஸை எங்கே மாட்டுவது

அன்றாடம் போடும் கண்ணாடியில் வேண்டாம். ரைஃபிளில் கன்னத்தை வைத்ததும் தலை முன்னால் சாயும். நாம் கண்ணாடியின் நடுவில் பார்க்காமல் மேல் மூலையில், மூக்கோரமாகப் பார்ப்போம். அங்கே லென்ஸின் மையம் இல்லை. பவர் தவறும், உருவம் நகரும். கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் உள்ள பைஃபோகலிலும், சிறிது சிறிதாகப் பவர் மாறும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடியிலும் இது இன்னும் மோசம். தலை ஒரு நூல் அசைந்தாலும் வேறு பவர். அந்த ரயில்வே பெரியவர் போட்டிருந்தது ப்ரோக்ரெசிவ்தான்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுடுவதற்கென்றே வரும் ஃப்ரேம். அதில் ஒரே ஒரு வட்ட லென்ஸ் இருக்கும். மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தி, சாய்த்து, கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் நேர் செங்குத்தாக நிறுத்தலாம். க்னோப்ளாக், சாம்பியன் ஃப்ரேம்கள் பல ரேஞ்சுகளில் தென்படும். இரண்டாவது, பின் சைட்டில் துளையின் அளவை மாற்றும் ஐரிஸுக்குள்ளேயே திருகிப் பொருத்தும் சின்ன லென்ஸ். இதில் தலை எப்படி இருந்தாலும் லென்ஸ் நேராகவே நிற்கும். ஆனால் சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் ஃப்ரேமே நல்லது.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் விதியை நினைவில் வையுங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் ரைஃபிள் விதிப்படி பார்வைத் திருத்த லென்ஸைச் சுடுகிறவர் அணியலாம், அல்லது பின் சைட்டில் பொருத்தலாம். முன் சைட்டில் லென்ஸ் கூடாது. உருவத்தைப் பெரிதாக்கும் தொலைநோக்கு சைட் அறவே கூடாது. நிறக் கண்ணாடி ஃபில்டரை முன்னாலும் பின்னாலும் போடலாம்.

இப்போது சைட்

முதல் முடிவு எளிது. திறந்த வெட்டு சைட்டை விட்டுவிடுங்கள். மூன்று தூரத்தைச் சமாளிக்க இனிக் கண்ணால் முடியாது. பீப் சைட்டில் பின் துளையைக் கண் பார்ப்பதே இல்லை, அதன் வழியாகப் பார்க்கிறது. ஆக மிச்சம் இரண்டே தூரம். அந்த இரண்டையும் லென்ஸால் சமன்செய்துவிட்டோம். உங்கள் ரைஃபிளின் மேல் சைட்டை மாட்டும் 11 மி.மீ. காடி இருந்தால், பெரும்பாலான பீப் சைட்டுகள் உட்காரும். இந்தியாவில் ப்ரெசிஹோல், ஜெர்மனியில் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் ஆகியவற்றின் போட்டி ரைஃபிள்களில் பீப் சைட் சேர்ந்தே வரும்.

புதிதாக எதற்காவது காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் பின்னால் ஒரு ஐரிஸுக்கும் முன்னால் ஒரு ஐரிஸுக்கும் செலவழியுங்கள். ஐரிஸ் என்பது கேமராவில் இருப்பதுபோல் துளையின் அளவைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் சக்கரம். நிலையான துளையோடு இளைஞர் சமாளிப்பார். நமக்குக் காலையில் ஒரு கண், மத்தியானம் ஒரு கண்; அளவை மாற்றும் வசதி வேண்டும்.

பின் ஐரிஸை 1.2 மி.மீ.யில் வைத்துத் தொடங்குங்கள். அதிலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் வளையம் கூர்மையாகும், கூடவே எல்லாம் இருண்டுகொண்டும் வரும். வெள்ளை அட்டை பழுப்படிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு பொடி திருப்பு பின்னால் வாருங்கள். உங்கள் இடம் அது. இளையவர்கள் 1.0, 1.1 என்று வைப்பார்கள். அறுபதுக்கு மேல் 1.3, 1.4 வரைகூடத் தேவைப்படலாம். பக்கத்து லேன்காரரின் எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள்.

முன் வளையத்தில்தான் வயதானவர்கள் செய்யும் பெரிய தவறு நடக்கிறது. "வளையம் இறுக்கமாக இருந்தால் குறி துல்லியமாக இருக்கும்" என்று நினைத்துச் சின்னதாகப் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. அது 0.9 மீட்டரில் இருக்கும் வளையத்துக்குள் சுமார் 2.7 மி.மீ. அகலமாகத் தெரியும். 3.2 மி.மீ. வளையம் போட்டால் ஒவ்வொரு பக்கமும் கால் மி.மீ. வெள்ளைதான் மிஞ்சும். மங்கும் கண்ணுக்கு அந்த வெள்ளை அப்படியே மறைந்துவிடும். வட்டமும் வளையமும் ஒட்டிக்கொண்டு, நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று தெரியாது. கை நடுங்கும்போது கறுப்பு வளையத்தின் விளிம்பில் மோத, பதற்றத்தில் ட்ரிக்கரை இழுத்துவிடுவோம். 4.0-வில் தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ.க்கு மேல் வெள்ளை கிடைக்கும். இன்னும் 4.2, 4.4 வரை போனாலும் குற்றமில்லை. கண் ஒரு வட்டத்தை இன்னொரு வட்டத்தின் நடுவில் வைப்பதில் கெட்டிக்காரக் கருவி. அதற்குத் தெரியும்படியான வெள்ளை இடைவெளி மட்டும் கொடுத்துவிட்டால் போதும். வளையத்தின் விளிம்பும் சற்றுத் தடியாக இருக்கட்டும், மெல்லிய கம்பி வளையம் நமக்கு ஆகாது.

நான் பெரியவரின் 3.4 வளையத்தைக் கழற்றி 4.1 போட்டேன். கன்னத்தை வைத்தார். ரொம்ப நேரம் சுடவே இல்லை. "என்ன சார்?" என்றேன். "இல்ல தம்பி, வெள்ளை தெரியுது. சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. மங்கலான உள்ளரங்கில் ஃபில்டர் எதுவும் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். வெயிலில் 50 மீட்டர் சுடும்போது கூசினால் மட்டும் போடுங்கள்.

மற்ற கண்

குறிபார்க்காத கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகத் தசை இறுகும். அதோடு ஒரு கண்ணில் இருட்டு விழுந்தால் இரண்டு கண்ணின் பாவையும் சேர்ந்தே விரியும். துளையால் கிடைத்த தெளிவில் கொஞ்சம் போய்விடும். கறுப்பு மறைப்பும் அதே காரணத்தால் வேண்டாம். பால் வெள்ளையான மறைப்பு, அல்லது அந்தப் பக்கக் கண்ணாடியில் மங்கலான வெள்ளை டேப் ஒரு துண்டு. கண் திறந்திருக்கும், வெளிச்சம் போகும், உருவம் மட்டும் தெரியாது. கண்ணாடியில் மாட்டும் மறைப்பு 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி.

போட்டி வேண்டாம், சுட்டால் போதும் என்பவர்களுக்கு

அப்படியானால் தொலைநோக்கி போன்ற ஸ்கோப், இலக்கின் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் இரண்டும் திறந்தே இருக்கின்றன. கண்ணுக்கு அவை பெரிய நிம்மதி. குறியும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால், எந்தத் தூரத்தைப் பார்ப்பது என்ற பிரச்சினையே இல்லை. தூரப் பார்வைக் கண்ணாடியோடு சுடலாம். ஆனால் 10 மீட்டருக்கும் ஏர் ரைஃபிளுக்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குக் குவியம் வைத்து வருகின்றன. 10 மீட்டரில் அவற்றில் அட்டை வெறும் புகைமூட்டமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தன் கண்தான் போய்விட்டது என்று ஒருவர் பயந்தே போனார். குவியத்தை 10 கஜம் வரை கீழே கொண்டுவர முடிகிற ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். உங்களுடையது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். அந்த இரட்டை உதையில் சாதாரண ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் கண்ணாடிகள் நகர்ந்துவிடும். ஏர்கன்னுக்கென்றே செய்தது வேண்டும்.

உருப்பெருக்கத்தில் ஆசைப்படாதீர்கள். முன் லென்ஸின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸில் 4 மடங்கு வைத்தால் 10 மி.மீ.; 16 மடங்கு வைத்தால் 2.5 மி.மீ. அந்தச் சின்ன வட்டத்துக்குள் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்த, கழுத்து வலி இருக்கிறவர் படாதபாடு படுவார். கை ஆடுவதும் 16 மடங்காகத் தெரியும். 4 முதல் 8 மடங்கு தாராளம். குறுக்குக் கோடு மெல்லியதாக இல்லாமல் தடிமனாக இருக்கட்டும்.

வாங்கியதும் முதல் வேலை, கண்ணருகே இருக்கும் வளையத்தைச் சரிசெய்வது. வெள்ளைச் சுவரை நோக்கி வைத்து, இரண்டு வினாடி மட்டும் எட்டிப் பாருங்கள். குறுக்குக் கோடு உடனே கூர்மையாகத் தெரிந்ததா? இல்லையென்றால் கண்ணை எடுத்து, வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடியும் எட்டிப் பாருங்கள். தொடர்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானாகச் சமாளித்துக்கொள்ளும், அளவு தப்பிவிடும்.

ரெட் டாட்டில் வயதானவர்கள் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான்: "புள்ளி புள்ளியா இல்ல, வால் நட்சத்திரம் மாதிரி இருக்கு." கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் உங்கள் செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் பாருங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் சைட் நல்லது. உங்கள் கண்ணில் சிலிண்டர் பவர் இருக்கிறது. அந்தப் பவரோடு கண்ணாடி போட்டால் வால் சுருங்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாலும் சுருங்கும். அப்படியும் சரியாகாதவர்களுக்குக் கண்ணாடியிலேயே குறி பொறித்து வரும் ப்ரிஸம் சைட் பொருந்தும், ஏனென்றால் அதிலும் கண்ணருகே பவர் திருத்தும் வளையம் உண்டு.

குறிபார்க்கும் கண்ணே போய்விட்டால்

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவருக்கு எந்தத் துளையும் உதவாது. அவர் பார்க்க விரும்பும் அதே இடத்தில்தான் மறைப்பு இருக்கிறது. மற்ற கண் நன்றாக இருந்தால் ரைஃபிளைத் தோள் மாற்றுங்கள். முதல் மாதம் கை கேட்காது, கன்னம் எங்கே வைப்பது என்று தெரியாது. மூன்றாவது மாதத்தில் பழகிவிடும். நின்று சுடாமல் மேசையில் தாங்கி வைத்துத் தொடங்கினால் இன்னும் சீக்கிரம் பழகும். ஜெர்மனியில் மூத்தவர்களுக்கென்று இப்படித் தாங்கலில் வைத்துச் சுடும் போட்டிப் பிரிவே இருக்கிறது, அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. இரண்டு கண்ணிலும் பார்வை போனவர்களுக்கும் ஒரு முறை உண்டு. ரைஃபிள் இலக்கின் நடுவை நெருங்க நெருங்கக் காதில் கேட்கும் ஒலி மாறும். அதைக் கேட்டே சுடுகிறார்கள். மாற்றுத்திறனாளர் துப்பாக்கி சுடுதலில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

ரேஞ்சில் முதல் நாள்

புது லென்ஸோ புது வளையமோ போட்ட அன்றைக்குக் குண்டு விழும் இடம் மாறியிருக்கும். பழைய அளவை நம்பாமல், ஐந்து ஐந்து குண்டாகச் சுட்டு மறுபடி சைட்டை நேர்ப்படுத்துங்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் மாற்றாதீர்கள். லென்ஸ் ஒரு வாரம், பின் ஐரிஸ் அடுத்த வாரம், முன் வளையம் அதற்கடுத்த வாரம். இல்லாவிட்டால் எதனால் நன்றாயிற்று, எதனால் கெட்டது என்று தெரியாது.

எட்டு வினாடிக்குள் சுட முடியவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால், வளையத்தின் நிழல் கண்ணிலேயே தங்கி, இல்லாத ஒன்றைக் காட்டும். இறக்கியதும் சுவரையோ தரையையோ பார்த்து நாலைந்து தடவை கண்ணைச் சிமிட்டுங்கள். ஏசி போட்ட ரேஞ்சில் கண் வறண்டு மங்குவது சகஜம். டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து பையில் இருக்கட்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, நேரம், லென்ஸ் பவர், பின் ஐரிஸ் அளவு, முன் வளைய அளவு, விளக்கு எப்படி இருந்தது, சர்க்கரை இருந்தால் அன்றைய அளவு என்று எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை கண் டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். பெரியவரின் நோட்டில் இப்போது 23 பக்கம் நிரம்பியிருக்கிறது. கடைசியாக நான் பார்த்த பக்கத்தில், ரயில்வேக்காரரின் கோணாத கையெழுத்தில், "முன் 4.1, பின் 1.35, லென்ஸ் +1.25, மழை, வெளிச்சம் குறைவு, விளக்கு இரண்டும் போட்டது" என்று இருந்தது.